பெண் காக்டெய்லுக்கு 'லுடினோ ஸ்ப்ளிட்' கிடையாது: முப்பதாயிரம் செலவழித்துக் கற்றுக்கொண்டது

யாராவது உங்களிடம் சாம்பல் நிறக் காக்டெய்ல் (காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளி) ஜோடி ஒன்றைக் காட்டி, "ஆண், பெண் ரெண்டுமே லுடினோ ஸ்ப்ளிட்" என்று சொல்லி சாதா ஜோடியைப் போல இரண்டு மடங்கு விலை கேட்டால், பேரம்கூடப் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளியே சாம்பல், உள்ளே லுடினோ என்கிற மஞ்சள் நிறத்தின் மரபணு ஒளிந்திருக்கிறது, அதுதான் லுடினோ ஸ்ப்ளிட். ஆணுக்கு அது இருக்கலாம், பெண்ணுக்கு இருக்கவே முடியாது. விற்பவர் பொய் சொல்கிறார், இல்லை அவருக்கே தெரியவில்லை, இரண்டில் ஒன்று. இதை எனக்கு ஆரம்பத்திலேயே ஒருத்தர் சொல்லியிருந்தால் முப்பதாயிரத்துக்கு மேல் பணமும் இரண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நேரமும் மிச்சம். கேட்க ஆள் இல்லாமல் தனியாகத் திண்டாடியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு எருக்கஞ்சேரியில். வட சென்னையில் மொட்டை மாடி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு கூண்டும் இருக்கும், அப்படித்தான் நான் பார்த்து வளர்ந்தேன். அப்பா கர்ணப்புறா வைத்திருந்தார். புறா பறக்கவிட இப்போது எனக்கு நேரமில்லை, மணலியில் ஷிஃப்ட் வேலை, அதனால் கூண்டிலேயே வளர்க்கிற காக்டெய்ல் பக்கம் வந்தேன். வெறும் சாம்பல் ஜோடி ஒன்று வைத்துக் குஞ்சு எடுத்துப் பழகியதும் ஆசை பெரிதாகிவிட்டது. அல்பினோ வேண்டும். தலைக் கொண்டையிலிருந்து வால் வரை ஒரு துளி நிறம் இல்லாமல் பால் வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. ஜோடியாக வாங்க நான் இருந்த நிலைமையில் முடியாது. சரி, நாமே உருவாக்கலாம் என்று இறங்கினேன்.

அல்பினோ என்பது காக்டெய்லில் தனி ஒரு நிறம் இல்லை, இரண்டு குறைகள் ஒரே பறவையில் சேர்வது. லுடினோவுக்குக் கறுப்பு, சாம்பல் நிறமி வராது, ஆகவே வெளிர் மஞ்சள் உடம்பு, ஆரஞ்சுக் கன்னம், சிவப்புக் கண். வைட்ஃபேஸுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் வராது, ஆகவே சாம்பல் உடம்பு, கன்னத்தில் அந்த ஆரஞ்சுப் பொட்டு இருக்காது. இரண்டும் ஒன்றாக வந்தால் மிச்சம் நிறமே இல்லை, வெள்ளை. 'ஸ்ப்ளிட்' என்றால் வெளியே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே அந்தக் குறையின் ஒரு பிரதியைச் சுமக்கிற பறவை. இப்படி ஒளிந்திருக்கிற குறையைத்தான் பள்ளிப் புத்தகம் ஒடுங்கு பண்பு என்கிறது.

எனக்கு விற்றவர் என்னைவிடச் சின்னப் பையன், பேச்சில் தேன். "அண்ணா, ரெண்டு ஜோடி இருக்கு, நாலு பறவையுமே லுடினோ ஸ்ப்ளிட், வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட். நாலு குஞ்சுல ஒண்ணு அல்பினோ, கேரண்டி." சாதா சாம்பல் ஜோடி 3,500 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் ஜோடிக்கு 9,500 கேட்டார். இரண்டு ஜோடிக்கு 19,000. சீட்டுப் பணம் எடுத்திருந்தேன், அதிலிருந்து கொடுத்தேன். வீட்டில் 12,000 என்று சொன்னேன், அது தனிக் கதை.

ஜோடி சேர்ந்து முட்டையிடும் பெட்டிக்குள் போனதும் வரும் சந்தோஷம் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பகலில் ஆண் அடை உட்காரும், ராத்திரியில் பெண். மூன்று வாரத்துக்குள் முட்டை வெடிக்க ஆரம்பிக்கும். நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் லுங்கிகூட மாற்றாமல் மாடிக்குப் போய் செல்போன் டார்ச்சைப் பெட்டிக்குள் அடிப்பேன். குஞ்சுக்குக் கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஆனால் மூடிய இமைக்குள்ளேயே நிறம் தெரிந்துவிடும். லுடினோ என்றால் இமைக்கு அடியில் இளஞ்சிவப்பு, இல்லையென்றால் கருநீலம். மேலே இருக்கிற பஞ்சு போன்ற தூவியையும் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் சாதா, வெள்ளையாக இருந்தால் வைட்ஃபேஸ். இறகு முளைக்கும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. எனக்கு முதல் ஈட்டில் அத்தனையும் கருநீலக் கண், மஞ்சள் தூவி. இரண்டாவது ஜோடியிலும் அப்படித்தான். அடுத்த ஈட்டில் இரண்டாவது ஜோடிக்கு ஒரே ஒரு குஞ்சு வெள்ளைத் தூவியோடு வந்தது, வைட்ஃபேஸ். அன்றைக்கு மாடியிலேயே குதித்தேன். ஆனால் சிவப்புக் கண் எங்கேயும் இல்லை. "இன்னா, மறுபடியும் சாம்பலா?" என்று வீட்டில் கேட்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். வருஷத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் எடுத்தால் பெண் பறவை கரைந்துபோகும், அதனால் அவசரப்படவும் முடியாது. ஒரு வருஷம் அப்படியே போனது. தினை, சூரியகாந்தி விதை, கணவாய் ஓடு, மருந்து என்று மாதம் 1,500 ரூபாய் தனியாக.

விற்றவரிடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். தீனி சரியில்லை, வெயில் அதிகம், இன்னும் ரெண்டு ஈடு பொறுங்க. நிறத்துக்கும் தீனிக்கும் சம்பந்தமே இல்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு முளைகட்டிய பச்சைப்பயறும் முட்டையும் வாங்கிக் கொட்டினேன்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது வீட்டில் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்த பையனின் பிளஸ் டூ விலங்கியல் புத்தகம். பத்தாம் வகுப்பில் பட்டாணிச் செடி நெட்டை, குட்டை என்று எல்லோரும் போட்டோமே புன்னட் கட்டம், அதேதான், ஆனால் இதில் பறவைக்கு என்று ஒரு விஷயம் இருந்தது. மனிதர்களில் எக்ஸ், ஒய் என்று பொருந்தாத குரோமோசோம் ஜோடி வைத்திருப்பது ஆண். பறவைகளில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. லுடினோ குறை இருப்பது இந்த இசட் மேல். ஆணிடம் இரண்டு இசட் இருப்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும், சாம்பலாகவே தெரியும், அதுதான் ஸ்ப்ளிட். பெண்ணிடம் இருப்பதே ஒரு இசட். அதில் குறை இருந்தால் அது லுடினோவாகவே தெரியும், இல்லையென்றால் குறை இல்லை. ஒளித்து வைக்க அதற்கு இடமே கிடையாது. அப்படியென்றால் எனக்கு 'லுடினோ ஸ்ப்ளிட்' என்று விற்ற இரண்டு சாம்பல் பெண்ணும் அந்த விஷயத்தில் வெறும் சாதாப் பெண். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அசிங்கமாக இருந்தது.

கட்டம் போடுவது பெரிய வித்தை இல்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து நான்கு அறையாகப் பிரியுங்கள். மேலே அப்பாவுடைய இரண்டு இசட்டை எழுதுங்கள், இடது ஓரத்தில் அம்மாவுடைய இசட், டபிள்யூ. லுடினோ குறை இருக்கிற இசட் மேல் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. ஒவ்வொரு அறையிலும் மேலே இருப்பதையும் ஓரத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதினால் முடிந்தது. ஸ்ப்ளிட் ஆணையும் சாதாப் பெண்ணையும் போட்டேன். ஓர் அறையில் ஸ்ப்ளிட் மகன், ஓர் அறையில் சாதா மகன், ஓர் அறையில் லுடினோ மகள், ஓர் அறையில் சாதா மகள். லுடினோ வந்தால் அது மகளாகத்தான் வரும். மகன்கள் இருவரும் வெளியே பார்க்க ஒரே சாம்பல், எது ஸ்ப்ளிட் என்று எந்தக் கொம்பனாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தைக் கொண்டுவந்த ரெஜினால்ட் புன்னெட் கேம்பிரிட்ஜில் இருந்தவர், அவரும் கோழி வைத்துத்தான் நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார். முதல் உலகப் போர் சமயத்தில் தீனித் தட்டுப்பாடு வந்தபோது, இறகு நிறத்தை வைத்தே சேவல் குஞ்சைப் பொரித்தவுடன் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர். அதே வேலையை நாமும் மாடியில் செய்யலாம். லுடினோ ஆணையும் சாம்பல் பெண்ணையும் சேர்த்துக் கட்டம் போட்டுப் பாருங்கள், மகள்கள் அத்தனையும் லுடினோ, மகன்கள் அத்தனையும் சாம்பல் ஸ்ப்ளிட். பெட்டிக்குள்ளேயே கண்ணைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம், டி.என்.ஏ. சோதனைக்கு இறகு பிடுங்கி கூரியரில் அனுப்ப வேண்டாம். மாற்றிப் போட்டால், அதாவது சாதா ஆண், லுடினோ பெண் என்றால், குஞ்சு எல்லாம் சாம்பல், மகன் ஒவ்வொன்றும் உறுதியான ஸ்ப்ளிட், மகள்களிடம் ஒன்றும் இல்லை. ஆக ஸ்ப்ளிட் ஆண் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதன் அம்மா லுடினோவா, அப்பா லுடினோவா? இரண்டில் ஒன்றாவது லுடினோவாக இருந்தால் மகன் கண்டிப்பாக ஸ்ப்ளிட். "தாத்தா லுடினோ", "கூடப் பிறந்தது லுடினோ" என்பதெல்லாம் 'இருக்கலாம்' என்ற கணக்கில்தான் சேரும், அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

வைட்ஃபேஸ் கதை வேறு. அது இசட்டில் இல்லை, சாதாரணக் குரோமோசோமில் இருக்கிறது, பட்டாணிச் செடி மாதிரியே. அதில் ஆணும் ஸ்ப்ளிட் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். இரண்டும் ஸ்ப்ளிட் என்றால் சராசரியாக நாலில் ஒன்று வைட்ஃபேஸ், இரண்டு ஸ்ப்ளிட், ஒன்று ஒன்றும் இல்லாதது. சாம்பலாக நிற்கிற குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ப்ளிட், ஆனால் எது என்று தெரியாது. என்னுடைய இரண்டாவது ஜோடியில் ஒரு வைட்ஃபேஸ் வந்ததே, அது ஒன்றே போதும், அந்த அப்பா அம்மா இரண்டும் வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட் என்பதற்கு. அதாவது விற்றவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. அதுதான் என்னை அத்தனை நாள் இழுத்தது.

அப்புறம் இரண்டு கட்டத்தையும் சேர்த்து அந்த 'நாலில் ஒன்று' கேரண்டியைக் கணக்குப் போட்டேன். அவர் சொன்னதில் சாத்தியமானது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆண் இரட்டை ஸ்ப்ளிட், அதாவது லுடினோ, வைட்ஃபேஸ் இரண்டுக்கும் ஸ்ப்ளிட், பெண் வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட் மட்டும். குஞ்சு பெண்ணாக இருக்க பாதி, அந்தப் பெண் லுடினோவாக இருக்க பாதி, வைட்ஃபேஸாக இருக்க கால். பெருக்கினால் 16-இல் ஒன்று. நாலு எங்கே, பதினாறு எங்கே! அதிலும் 16-இல் ஒன்று என்றால் பதினாறாவது குஞ்சு வெள்ளையாக வரும் என்று அர்த்தமில்லை. தாயக்கட்டையை உருட்டினால் போன முறை விழாத தாயம் இந்த முறைக்குக் கடன் வைத்துக்கொண்டு வருமா? ஒவ்வொரு முட்டைக்கும் புதுசாக உருட்டல். 16 குஞ்சு பொரித்தும் ஒன்றுகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு.

இதைத் தாளோடு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். "அதெல்லாம் புக்ல இருக்கும்ணா, ஃபீல்டு வேற" என்றார். பணம் திரும்ப வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது, சண்டை போடவில்லை.

அடுத்தது, ஆண்கள் இரண்டுமாவது நிஜமான லுடினோ ஸ்ப்ளிட்டா என்று பார்க்க வேண்டும். சாதாப் பெண்ணோடு விட்டால் மகள்களை மட்டும்தான் கணக்கில் எடுக்க முடியும், அதுவும் சாம்பல் குஞ்சுகளில் எது மகள் என்று தெரிய முதல் இறகு உதிர்ப்பு வரை, ஆறு மாதத்துக்கு மேல், காத்திருக்க வேண்டும். பெரிதானதும் ஆணின் முகம் நல்ல மஞ்சளாகிவிடும், பெண்ணின் வாலுக்கு அடியில் மஞ்சள் வரிகள் அப்படியே இருக்கும். இரண்டாவது ஜோடியில் எனக்கு மொத்தம் ஏழு குஞ்சு, அதில் மூன்றுதான் பெண், மூன்றும் லுடினோ இல்லை. ஆண் நிஜமான ஸ்ப்ளிட்டாகவே இருந்தாலும் மூன்று மகள்களும் அப்படி வர எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதற்குச் சரியான வழி, சந்தேகப்படுகிற ஆணுக்கு லுடினோ பெண்ணைச் சேர்ப்பது. அப்போது மகனோ மகளோ ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதி வாய்ப்பு, எல்லாக் குஞ்சும் சாட்சி. 2,500 ரூபாய் வீதம் இரண்டு லுடினோ பெண் வாங்கினேன், மறுபடியும் 5,000. முதல் ஆணுக்கு இரண்டு ஈட்டில் ஒன்பது குஞ்சு, ஒன்பதும் கறுப்புக் கண். ஸ்ப்ளிட்டாக இருந்து இப்படி நடக்க 512-இல் ஒரு வாய்ப்பு, ஆக அது சாதா ஆண்தான். இரண்டாவது ஆணுக்கு முதல் ஈட்டிலேயே நாலில் இரண்டு சிவப்புக் கண். நான் கொடுத்த 19,000-க்கு உருப்படியாக வந்தது அந்த ஒரு ஆணும், வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட்டான ஒரு பெண்ணும்தான்.

இந்தச் சோதனைக்கு முன்னால் ஒன்று கவனிக்க வேண்டும். பொதுக்கூண்டில் பத்துப் பறவையை ஒன்றாக விட்டு வளர்ப்பவர்களுக்குக் கட்டம் எந்த உதவியும் செய்யாது, அப்பா யார் என்றே தெரியாதே. ஜோடி பிரித்து மாற்றும்போதும் உடனே பெட்டி கட்டாதீர்கள், பெண் பறவையின் உடம்பில் பழைய ஆணின் விந்து சில நாள் தங்கும். நான் ஒரு மாதம் தனியாக வைத்துவிட்டுத்தான் சேர்க்கிறேன். குஞ்சுக்கு ஒரு வாரம், பத்து நாளில் கால் வளையம் போட்டுவிடுவேன், பாதம் பெரிதானால் அப்புறம் நுழையாது. வளைய எண், அப்பா, அம்மா, பொரித்த தேதி, கண் நிறம், தூவி நிறம், இவ்வளவும் ஒரு நோட்டில்.

அதற்கப்புறம் திட்டம் போட்டது கட்டத்தை வைத்துத்தான். அந்த ஒற்றை வைட்ஃபேஸ் குஞ்சு பெண்ணாக இருந்தது. அப்பாவுக்கே திருப்பிக் கொடுத்தால் 8-இல் ஒன்று அல்பினோ வரும் என்று கட்டம் சொல்லும், ஆனால் உறவுக்குள் சேர்த்தால் வேறு குறைகளும் ஜோடி சேர்ந்துகொள்ளும், வேண்டாம் என்று விட்டேன். வெளியிலிருந்து ஒரு லுடினோ ஆண் வாங்கிச் சேர்த்தேன். மகள் எல்லாம் லுடினோ, வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட். மகன் எல்லாம் இரட்டை ஸ்ப்ளிட். சந்தேகத்துக்கே இடமில்லை, அத்தனை குஞ்சும் உறுதி. இதையே ஆண் வைட்ஃபேஸ், பெண் லுடினோ என்று மாற்றி ஆரம்பித்திருந்தால் மகள்கள் சாம்பலாகத்தான் வந்திருக்கும், அடுத்த தலைமுறையில் அல்பினோ வாய்ப்பு 16-இல் ஒன்று. இப்படிச் சேர்த்ததால் 8-இல் ஒன்று. செலவு ஒன்றுதான், பறவைகளும் அதே வகைதான், எது அப்பா எது அம்மா என்பதில் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

கொருக்குப்பேட்டையில் ஒருத்தர் இதே மாதிரி வேறு வம்சத்தில் எடுத்திருந்தார். அவருடைய இரட்டை ஸ்ப்ளிட் ஆண் ஒன்றுக்கு என்னிடம் பிறந்த லுடினோ மகள் ஒன்றை மாற்றிக்கொண்டு, அந்த ஆணை இன்னொரு மகளோடு சேர்த்தேன். இரண்டாவது ஈட்டில் டார்ச் அடித்தபோது வெள்ளைத் தூவி, இளஞ்சிவப்புக் கண். இந்த முறை குதிக்கவில்லை, நோட்டை எடுத்து வளைய எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுத் தேதி போட்டேன். அதற்குள் அல்பினோ விலை நான் ஆசைப்பட்ட காலத்தில் இருந்ததைப் போல பாதிக்கு வந்துவிட்டது, நிறையப் பேர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விற்கவில்லை.

அது பெண் என்று சோதனையில் வந்திருக்கிறது. இதற்குச் சொந்தமில்லாத இரட்டை ஸ்ப்ளிட் ஆண் தேடிக்கொண்டிருக்கிறேன், கணக்குப்படி கால் பங்கு அல்பினோ. வைட்ஃபேஸ் ஸ்ப்ளிட்டான லுடினோ ஆணாகவே பார்த்துச் சேர்த்தால் இன்னும் வேகமாக வருமே என்று சிலர் சொல்கிறார்கள். லுடினோவோடு லுடினோவை விடாமல் சேர்த்த வம்சங்களில் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை அதிகமாக வருகிறது, அது குஞ்சுகளுக்கும் இறங்கும். அதனால் நடுவில் ஒரு நல்ல சாம்பல் இரத்தம் வேண்டும் என்பது என் முடிவு. வாங்கப் போகும்போது கொண்டையை முன்னால் தள்ளிப் பின்னந்தலையைப் பாருங்கள், விற்பவர் கையில் பிடித்துக் காட்டத் தயங்கினால் அந்தப் பறவை வேண்டாம்.